நாலு பேர் கைதட்டுகிறார்கள்

ஆஸ்கர் விழாவை டி.வி.யில் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் கவனிக்கிறார்கள். யார் ஜெயித்தார்கள், யார் என்ன டிரஸ் போட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது அதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

சிறந்த நடிகர் யார் என்று உறையைப் பிரிப்பதற்குச் சற்று முன்னால் திரையை ஐந்து கட்டமாகப் பிரிப்பார்கள். கட்டத்துக்கு ஒரு முகம். பெயரைப் படித்ததும் ஒரு முகம் மலர்ந்து எழுந்துகொள்ளும். கேமரா அதன் பின்னாலேயே ஓடிவிடும். ஓடுவதற்கு முன் ஒரு விநாடி, மிஞ்சிப்போனால் இரண்டு விநாடி, மற்ற நாலு முகங்களும் தெரியும். நாலு பேரும் சிரிக்கிறார்கள். நாலு பேரும் கைதட்டுகிறார்கள். ‘சரியான ஆளுக்குத்தான் கொடுத்திருக்காங்க’ என்பதுபோல் தலையை வேறு ஆட்டுகிறார்கள்.

அந்தக் கைதட்டல் நிஜமா, பொய்யா?

பொய் என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த ராத்திரியில் சொந்தமாக என்ன இருக்கிறது? உடுத்தியிருக்கிற கவுன் ஒரு டிசைனர் கொடுத்தது. கழுத்தில் மின்னுகிற வைரம் பல சமயம் நகைக்கடை இரவல். விழா முடிந்ததும் பத்திரமாகத் திரும்பிப் போக வேண்டும். சிவப்புக் கம்பளத்தில் மைக்கை நீட்டி, “யார் டிரஸ் இது?” என்று கேட்கிறார்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் இப்படிக் கேட்டுப் பாருங்கள், ஜென்மத்துக்கும் பேச மாட்டார்கள். அங்கே அதற்குப் பெருமையாகப் பதில் வருகிறது. மேடையில் பேச 45 விநாடி என்று கணக்கு. அதற்கான பேச்சை ஐந்து பேருமே தயார் செய்துகொண்டுதான் வருகிறார்கள். நாலு பேச்சு யார் காதிலும் விழாமல் வீடு திரும்புகிறது.

அகாடமிக்கே இதில் கொஞ்சம் கூச்சம் உண்டு. முன்பெல்லாம் மேடையில், “வெற்றி பெற்றவர்…” என்று சொல்லித்தான் பெயரைப் படிப்பார்கள். 1989-லிருந்து, “ஆஸ்கர் இன்னாருக்குப் போகிறது” என்று மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் ஜெயித்தார் என்றால் நாலு பேர் தோற்றார்கள் என்று ஆகிவிடுகிறதே! விருது தானாகவே நடந்து ஓர் ஆளிடம் போய்ச் சேர்ந்ததுபோல ஒரு நாசூக்கு. வார்த்தையை மாற்றிவிடலாம். நெஞ்சுக்குள் நடப்பதை மாற்ற முடியுமா?

1995 மார்ச்சில் நடந்தது இது. சிறந்த துணை நடிகர் பட்டியலில் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்துக்காக சாமுவேல் எல். ஜாக்சன் இருந்தார். ‘எட் வுட்’ படத்துக்காக மார்ட்டின் லாண்டௌவின் பெயரைப் படித்தார்கள். ஜாக்சன் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வெளியே வருவது கேமராவில் பளிச்சென்று பதிவாகிவிட்டது. இன்றைக்கும் அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘மனுஷன்னா இப்படி இருக்கணும். உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணு கிடையாது’ என்று மெச்சுகிறவர்களும் உண்டு.

எனக்கும் சிரிப்பு வருகிறது. அவர்மேல் குறை சொல்லவும் தோன்றவில்லை. ஆனால் கேள்வியை இந்தப் பக்கமிருந்தும் கேட்க வேண்டும். லாண்டௌவுக்கு அப்போது வயது 66. அதற்கு முன் இரண்டு முறை பட்டியலில் இருந்து, இரண்டு முறையும் பரிசு வேறு ஆளுக்குப் போனதைப் பார்த்தவர். மூன்றாவது தடவைதான் அவருக்கு வந்தது. அந்த நிமிஷத்தில் மற்ற நாலு பேரும் உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டால் என்ன ஆகும்? நாலு இறுகின முகங்களுக்கு நடுவே அவர் மேடை ஏற வேண்டியிருக்கும். நாலு பேருடைய நேர்மைக்கு ஒரு பெரியவருடைய சந்தோஷம் விலையாகிவிடும்.

இங்கேதான் நாம் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறோம் என்று நினைக்கிறேன். கைதட்டல் என்பது நம் மனசில் என்ன இருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிற அறிக்கை என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படி எடுத்துக்கொண்டால், உள்ளே வருத்தமும் வெளியே சிரிப்பும் போலித்தனம்தான். ஆனால் கைதட்டுவது நம்மைப் பற்றியதே இல்லை, அவரைப் பற்றியது. ஒருவர் நன்றாகச் செய்திருக்கிறார். அதற்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது முகமலர்ச்சியோடுதான் கொடுக்க வேண்டும் என்று சட்டமில்லை, கொடுத்தால் சரி. மலர்ச்சியோடு கொடுத்தால் ரொம்ப நல்லது.

வள்ளுவர் அழுக்காறாமை என்று தனி அதிகாரமே வைத்துப் பத்துக் குறள் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்திலேயே இது அவ்வளவு பெரிய வியாதியாக இருந்திருக்கிறது. அதே வள்ளுவர்தான் வாய்மை அதிகாரத்தில், குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யைக்கூட உண்மையின் இடத்தில் வைக்கலாம் என்றும் சொல்கிறார். பொறாமை வருவது நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தும்மல் மாதிரி வந்துவிடுகிறது. வந்த பிறகு கையை என்ன செய்கிறோம் என்பது மட்டும் நம் பொறுப்பு. மனசு நம் கையில் இல்லாமல் இருக்கலாம். கை நம் கையில்தான் இருக்கிறது.

2009 பிப்ரவரி 23, திங்கட்கிழமை காலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கினார். அந்த மேடையில், “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று தமிழில் சொன்னார். நாம் நெகிழ்ந்துபோனோம். நியாயம்தான். அதே நாளில் அதே இரண்டு பிரிவிலும் தோற்றவர் ஒருவர் உண்டு. தாமஸ் நியூமன் என்று பெயர். பாட்டுக்கான போட்டியில் இருந்ததே மூன்று பாட்டு. அதில் இரண்டு ரஹ்மானுடையவை. மூன்றாவது, ‘வால்-ஈ’ படத்துக்காகப் பீட்டர் கேப்ரியலும் நியூமனும் சேர்ந்து போட்டது. பின்னணி இசைக்கான பட்டியலிலும் அதே படத்துக்காக நியூமன் இருந்தார்.

‘ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’, ‘அமெரிக்கன் பியூட்டி’ படங்களுக்கு இசையமைத்தவர் அவர். 2020 வரை மொத்தம் 15 முறை அவர் பெயர் பட்டியலில் வந்தது. ஒரு முறைகூடப் பரிசு வரவில்லை. வீட்டில் ஆஸ்கரைப் பார்க்காதவரும் இல்லை. அவருடைய அப்பா ஆல்ஃபிரட் நியூமன் ஒன்பது ஆஸ்கர் வாங்கியவர்! பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளில் ஒருவரான ராண்டி நியூமனும் 15 முறை தோற்று, 2002-இல் பதினாறாவது முறை ஜெயித்தார். அரங்கமே எழுந்து நின்று தட்டியபோது, உங்கள் பரிதாபம் எனக்கு வேண்டாம் என்று மைக்கில் சொல்லிச் சிரிக்கவைத்தார். பரிசு கிடைக்காததால் இவர்கள் யாரும் பியானோவை மூடிவைத்துவிட்டுப் போய்விடவில்லை. தோல்வியைத் தாங்குவதற்கு இவர்களுக்கு அடுத்த வேலை இருந்தது. தனக்கென்று ஒரு வேலையில் பிடிப்பு இருக்கிறவனுக்கு அடுத்தவனுக்காகக் கைதட்டுவது கொஞ்சம் எளிது.

அதற்காகக் கைதட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைத்துவிட வேண்டாம். 1940-இல் ‘கான் வித் தி விண்ட்’ படத்துக்காக ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் வாங்கினார். கறுப்பினத்தவர் ஒருவர் வாங்கின முதல் ஆஸ்கர் அது. அரங்கம் நன்றாகத்தான் கைதட்டியது. ஆனால் விழா நடந்த ஹோட்டலில் கறுப்பர்களுக்கு அனுமதி கிடையாது. தயாரிப்பாளர் தனியாகக் கேட்டுக்கொண்டதால் உள்ளே விட்டார்கள். தன்னோடு நடித்தவர்களின் மேஜையில் இடம் தராமல், தள்ளி ஒரு சின்ன மேஜையில் அவரை உட்காரவைத்தார்கள். அந்தக் கைதட்டலில் ஒன்றும் செலவாகவில்லை. நாற்காலியை அப்படியே வைத்துக்கொண்டு கையை மட்டும் தட்டுவது யாருக்கும் முடியும். ஆகவே, தட்டினோமா என்பதோடு, எதையாவது விட்டுக்கொடுத்துத் தட்டினோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விட்டுக்கொடுப்பது என்றால் என்ன என்பதற்கும் அதே மேடையில் ஓர் உதாரணம் உண்டு. 2017 பிப்ரவரி. கடைசி விருது, சிறந்த படம். வாரன் பீட்டியின் கையில் தப்பான உறையைக் கொடுத்துவிட்டார்கள். சிறந்த நடிகைக்கான உறை அது. அவர் குழம்பிப்போய்ச் சீட்டைப் பக்கத்திலிருந்த ஃபே டனவேயிடம் காட்ட, அவர் ‘லா லா லாண்ட்’ என்று படித்துவிட்டார். அந்தப் படத்துக்காரர்கள் மேடை ஏறி, சிலையை வாங்கி, நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே தப்பு தெரிந்துவிட்டது. தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜோர்டன் ஹொரோவிட்ஸ் மைக்குக்கு வந்தார். தவறு நடந்துவிட்டது, ‘மூன்லைட்’தான் ஜெயித்தது, இது ஜோக் இல்லை என்றார். சரியான சீட்டைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். ‘மூன்லைட்’ நண்பர்களிடம் இதைக் கொடுப்பதில் பெருமைப்படுகிறேன் என்று சொல்லிக் கொடுத்தார்.

அந்த நிமிஷத்தில் அவர் உள்ளே என்ன இருந்திருக்கும்? நொறுங்கியிருக்கும். கையில் வந்த சிலை இரண்டு நிமிஷத்தில் போகிறது, உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் யாராவது வந்து பிடுங்கட்டும் என்று அவர் நிற்கவில்லை. அடுத்தவருடையது என்று தெரிந்ததும் தானே கொடுத்தார். அவர் மனசு எப்படி இருந்தது என்று ஆராய்ச்சி செய்து, அதை வைத்து அதைப் பொய் என்று சொல்வீர்களா?

நமக்கு ஆஸ்கர் வரப்போவதில்லை. உறைகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. நீங்கள் எதிர்பார்த்திருந்த பிரமோஷன் பக்கத்து சீட்டுக்காரருக்குப் போகிறது. உங்கள் பெண் இரண்டு மார்க்கில் கோட்டைவிட்ட காலேஜில் எதிர் ஃபிளாட் பையனுக்கு இடம் கிடைக்கிறது. அவன் அம்மா ஸ்வீட் பாக்ஸோடு வந்து காலிங் பெல் அடிக்கிறார். கதவைத் திறக்க உங்களுக்கு ஒரு விநாடி, மிஞ்சிப்போனால் இரண்டு விநாடி இருக்கிறது. கேமரா கிடையாது. ஆனால் உங்கள் பெண் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். தோற்றால் எப்படி நடந்துகொள்வது என்று அவள் கற்றுக்கொள்ளப்போவது அந்த இரண்டு விநாடியில்தான்.

சிரித்துக்கொண்டே வாங்குங்கள். ஒன்றை அவர் எதிரிலேயே பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, பையனைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை நன்றாகச் சொல்லுங்கள். தொண்டையில் கொஞ்சம் அடைக்கும். பரவாயில்லை. இனிப்பு அதற்குள் இறங்கிவிடும்.