ஒருத்தரா, பல பேரா?

2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்தில் அடையாள அட்டை சகிதம் நீதிமன்ற வாசலில் போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. காவலாளி சிரித்த சிரிப்பில்தான் எனக்கு உறைத்தது. ஜோகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அந்தப் புத்தாண்டிலிருந்து மீண்டும் சனி, ஞாயிறு. எனக்குத் தெரியாததா இது? அறிவிப்பு வந்த அன்றே வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டவன் நான். பதினோரு ஆண்டு ஞாயிறுதோறும் வேலைக்குப் போய்ப் பழகிய கால், தலையைக் கேட்காமலே கிளம்பிவிட்டது.

வீடு திரும்பிச் சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கேர்லஸ் மிஸ்டேக், பா" என்றாள்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. அந்த வாரம் முழுவதும் அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு இங்கிலாந்தில் சட்டம் படிக்க ஆசை. அதற்கு எல்நாட் என்றொரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. 2004இல் வந்தது, ஆக்ஸ்போர்டு, டர்ஹாம், பிரிஸ்டல் போன்ற பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. சட்ட நுழைவுத் தேர்வு என்று பெயர், ஆனால் சட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. பன்னிரண்டு உரைப்பகுதிகளைப் படித்து, 95 நிமிடத்தில் 42 கேள்விகளுக்கு விடை தர வேண்டும். பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. மனப்பாடம் செய்ய எதுவும் இல்லாத தேர்வு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறென்ன வேண்டும்!

பயிற்சித் தாள் முடிந்ததும் விடைப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துத் திருத்துவாள். தவறான விடைக்கு நேரே சிவப்பில் சரியான எழுத்து, அதன் பக்கத்தில் 'கேர்லஸ்'. ஒரு தாளில் பத்தொன்பது தவறு. பத்தொன்பதும் கேர்லஸ். ஒன்றரை மணி நேரத்தில் பத்தொன்பது முறை கவனம் தவறியதாக ஒரு சாட்சி கூண்டில் நின்று சொன்னால், எந்த வழக்கறிஞரும் அவரைச் சும்மா விடமாட்டார்.

நான் வழக்கறிஞன் அல்ல, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். தமிழ் பேசும் சாட்சி சொல்வதை மலாய்க்கும், நீதிமன்றம் கேட்பதைத் தமிழுக்கும் மாற்றுவது என் பிழைப்பு. ஆங்கிலத் தேர்வுக்கு அவளுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் குறுக்கு விசாரணையை முப்பது ஆண்டாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன். ஒரு சனிக்கிழமை அவள் எதிரே உட்கார்ந்து அதையே செய்தேன். "இந்த விடையைத் தொட்டப்போ உன் மனசுல என்ன ஓடுச்சு?"

"தெரியலப்பா" என்றாள். எல்லாச் சாட்சிகளும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். மூன்றாவது முறை கேட்டபோது வந்தது.

அந்த உரைப்பகுதி சிறைத் தண்டனை பற்றியது. கடுமையான தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதியவர் சொல்கிறார். என் மகள் தேர்ந்தெடுத்த விடை: கடுமையான தண்டனை குற்றத்தைக் குறைப்பதில்லை. இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். நீதிமன்றத்தில் நிற்கிறவனுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனின் வாழ்க்கையே கிடக்கிறது. 'நிரூபிக்கப்படவில்லை' என்று விடுதலையாகிறவர் எல்லாரும் 'செய்யவில்லை' என்று ஆகிவிடுவார்களா?

"ஸ்கூல் டிபேட்ல நான் இந்தப் பக்கம்தான் பேசினேன்பா. அதான்..." என்று இழுத்தாள்.

அவ்வளவுதான் விஷயம். அவள் கவனமாகத்தான் படித்திருக்கிறாள். எழுதியவர் சொன்னதற்குப் பதில் தன் மனசு சொன்னதைக் கவனமாகப் படித்திருக்கிறாள். பத்தொன்பதையும் இப்படித் தோண்டினோம். பதினொன்று இதே வகை. நாலு, நேரம் போதாமல் கடைசி வரியைப் படிக்காதது. மற்றவை எனக்கும் புரியவில்லை.

தோண்டும்போது இன்னொன்றும் அகப்பட்டது. சரியாக வந்த விடைகளில் ஐந்தாறுக்கு, கேட்டால் அவளிடம் காரணம் இல்லை. எல்நாட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை; அதனால் குருட்டாம்போக்கில் எதையாவது தொட்டு வைக்கலாம். இந்தியாவின் சட்ட நுழைவுத் தேர்வான கிளாட்டில் 120 கேள்விகள், ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் போய்விடும். அங்கே கை நடுங்கும். இங்கே நடுங்காது. அதிர்ஷ்டத்தில் விழுந்த விடையும் பச்சை மையில் சரி வாங்கிக்கொண்டு, கற்றுக்கொண்ட பாவனையில் உட்கார்ந்துவிடும். இப்போதெல்லாம் விடைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் சந்தேகமான கேள்விகளை நேரக் கணக்கில்லாமல் இன்னொரு முறை போட்டுப் பார்க்கிறாள். முதலில் தொட்டது, பிறகு தொட்டது, ஏன் மாற்றினேன் என்று மூன்று கட்டம். கேர்லஸ் என்ற சொல்லுக்கு வீட்டில் தடை.

எங்கள் காலத்துத் தமிழ்ப்பள்ளியில் 'பிழை திருத்தம்' என்றொரு சடங்கு உண்டு. ஒற்று விட்டால் அந்தச் சொல்லை ஐந்து முறை எழுத வேண்டும். 'வாழைப்பழம்' என்று நூறு முறையாவது எழுதியிருப்பேன். நடுவில் ஏன் 'ப்' வருகிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சரியானதை எழுதி எழுதித் தவறை மூடிவிட்டோம். மூடியதால் அடுத்த வாரம் 'தயிர்சாதம்' என்று எழுதினோம்.

பெரியவர்கள் ஆனபின் அந்த மூடுகிற பழக்கம் வேறு உருவம் எடுக்கிறது. வெளிநாட்டில் சட்டப் பட்டம் பெற்றுத் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே வழக்கறிஞராகச் சி.எல்.பி. என்ற தகுதித் தேர்வை எழுதியாக வேண்டும். ஐந்து தாள், தேற ஒவ்வொன்றிலும் 50 மதிப்பெண் வேண்டும். எனக்குப் பழக்கமான வழக்கறிஞர்களில் அதை இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதித் தேறியவர்கள் உண்டு. தேநீர்க் கடையில் என்னிடம் தணிந்த குரலில் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் அலுவலகத்தில் பயிற்சி பெற வரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் அது தேவை.

பிறரைச் சொல்வானேன். மகளை அத்தனை கேள்வி கேட்டவன், ஒரு நாள் இரவு அவளிடம் என் கணக்கையும் சொல்லவேண்டி வந்தது.

வேலையில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. எந்த ஊர், எந்த நீதிமன்றம் என்பது வேண்டாம். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய ஓர் அம்மா சாட்சி. எதிரி அவருடைய மூத்தார், அதாவது கணவரின் அண்ணன். வீட்டுக்குள் புகுந்து நகையை எடுத்துப் போனதாக வழக்கு. அந்த அம்மா சொன்னார்: "அவங்க உள்ள வந்தாங்க, பீரோவத் தொறந்தாங்க." நான் மலாயில் 'மெரேக்கா' என்றேன். அதாவது அவர்கள், பல பேர்.

திருட்டுப் பழி சுமத்தும்போதுகூட மூத்தாருக்கு அவர் மரியாதையைக் குறைக்கவில்லை. தமிழில் மரியாதையும் பன்மையும் ஒரே சட்டையைப் போட்டுக்கொள்ளும். என் வீட்டில் என் அம்மாவும் அப்பாவை 'அவங்க' என்றுதான் சொல்வார். தெரியாத விஷயமல்ல. ஆனால் முந்தைய வாரம் முழுவதும் ஒரு கும்பல் அடிதடி வழக்கு. என் வாய்க்கு 'மெரேக்கா' பழகியிருந்தது.

எதிரித் தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொண்டார். போலீஸ் புகாரில் ஒருவர் என்கிறாய், இப்போது பலர் என்கிறாய், எது பொய்? அந்த அம்மா திகைத்து நின்றார். நான் அந்தக் கேள்வியை மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, பொய் யாருடையது என்று. ஆனால் வாய் திறக்கவில்லை. புதியவன், நிரந்தரம் ஆகாதவன், சபை நிறைய ஆட்கள். இருபது நிமிடம் அந்த அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிக் கேட்ட கேள்விகளை எல்லாம் ஒன்று விடாமல், பிழையில்லாமல் தமிழ்ப்படுத்தினேன். இடைவேளையில்தான் மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. நீதிமன்றம் கூடியதும் இரு தரப்பின் முன்னிலையில் குறிப்பைத் திருத்தினார். ஐந்து நிமிட வேலை.

கூண்டிலிருந்து இறங்கி வந்தவர் என்னிடம் கேட்டார்: "நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா தம்பி?"

"இல்லம்மா" என்றேன்.

மகள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "தப்பு உங்களோடதுன்னு அந்தப் பாட்டிகிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அவர் பேருந்தைப் பிடிக்க நடந்துவிட்டார். அன்றிலிருந்து தமிழ்ச் சாட்சி யாராவது 'அவங்க' என்றால், நீதிமன்றத்தின் அனுமதி வாங்கிக்கொண்டு நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஒருத்தரா, பல பேரா?