கத்திக்கு முன் ஒரு கேள்வி

ஒருவர் தன் மூக்கை மாற்றிக்கொள்ள விரும்புகிறார். மூக்கும் அவருடையது, பணமும் அவருடையது. புத்தியும் தெளிவாகத்தான் இருக்கிறது. அப்படியிருக்க, "முதலில் உங்கள் மனதைப் பார்ப்போம்" என்று சொல்ல வைத்தியருக்கு என்ன உரிமை?

அவுஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதலாம் திகதி தொடக்கம் அது அவரது கடமையாகவே விதிக்கப்பட்டுள்ளது. அழகுச் சத்திரசிகிச்சை நாடி வருபவரின் உளநிலையை, ஆய்வில் தேறிய வினாக்கொத்தொன்றைக் கொண்டு அறிந்த பின்னரே கத்தியை எடுக்கலாம். சம்மதம் தந்த பிறகும் குறைந்தது ஏழு நாள் பொறுக்க வேண்டும்.

இப்படித் தேடப்படும் நோய்களில் முதன்மையானது பழையது. 1891இல் இத்தாலிய மருத்துவர் என்ரிக்கோ மொர்செல்லி அதற்குப் பெயரிட்டார். பிறர் கண்ணுக்குப் படாத, பட்டாலும் பொருட்படுத்தாத ஒரு குறை நோயாளிக்கு மலையாய்த் தெரியும். மணிக்கணக்கில் கண்ணாடி முன் நிற்பார். அல்லது கண்ணாடிக்கே பயப்படுவார். மூக்கைச் செதுக்கியும் ஆறுதல் வராது. குறை இடம் மாறி உதட்டிலோ தாடையிலோ போய்க் குந்திக்கொள்ளும். அவர் உண்மையில் கேட்பது நிம்மதி. அது கத்தியிடம் இல்லை. ஆகவே வைத்தியர் மறுப்பதைச் சுதந்திரப் பறிப்பு என்று கொள்ள எனக்கு மனமில்லை. கடையில் இல்லாத பண்டத்துக்குக் காசு வாங்க மறுக்கிறார், அவ்வளவுதான்.

நியூயோர்க்கில் ஆறாண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தடவைகள் ஒரே நிபுணரிடம் சென்ற பெண்ணொருவர், தன்னை ஏன் உளநல வைத்தியரிடம் அனுப்பவில்லை என்று வழக்குத் தொடுத்தார். அந்நோய் இருந்ததற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. சட்டப்படி சரியாயிருக்கலாம். ஆனால், இருபதாம் தடவையிலேனும் "ஏன்?" என்று கேட்பதற்கு நோய்ச் சான்றிதழ் தேவையா?

அவுஸ்திரேலிய விதியிலும் ஓர் இடறல் உண்டு. கத்தி பிடிக்கப்போகும் வைத்தியரே அந்தப் பரிசோதனையையும் செய்கிறார். சந்தேகம் எழுந்தால் தம்மோடு தொடர்பற்ற ஒருவரிடம் அனுப்ப வேண்டுமாம். சந்தேகம் எழ வேண்டியதோ கூலி வாங்குபவரின் மனதில்!

இன்னொருத்தியை நினைத்துப் பாருங்கள். சிறுவயது முதல் "சப்பை மூக்கி" என்று வீட்டாரே கேலி செய்து வளர்த்த பெண். அவளுக்கு நோய் எதுவுமில்லை. எல்லாக் கேள்விகளிலும் தேறிவிடுவாள். அவளை மறிக்க எனக்கு வாய் வரவில்லை. ஏழு நாள் பொறுத்தும் வேண்டுமென்றால் செய்துகொள்ளட்டும். அந்த ஏழு நாளும் அவள் இருக்கப்போவது அதே வீட்டில்தான்.