நடு தவறிய கைப்பிடி



ஒரு குறை கண்ணுக்குத் தெரிந்தபின் அதனைக் களைவதா, அன்றி அதற்கேற்ப நம்மை வளைத்துக்கொள்வதா? இவ்வினாவை நம்முள் எழுப்பியது ஒரு பழைய ஜாய்ஸ்டிக்.

கணினியில் விமான விளையாட்டு ஆடுதற்குரிய கைப்பிடி அது. கையை எடுத்த பின்னும் திரையில் விமானம் தானே இடப்புறம் சாயும். நம் இல்லத்துச் சிறுவர்களோ அதனைப் பொருட்படுத்தாது, எந்நேரமும் சற்றே வலப்புறம் அழுத்திப் பிடித்து ஆடப் பழகியிருந்தனர்.

1981-இல் ஐ.பி.எம். கணினியுடன் வந்த முறையைச் சார்ந்தது அக்கருவி. அதனுள் இரண்டு மாறுமின்தடைகள் உண்டு. இடவல அசைவிற்கு ஒன்று, முன்பின் அசைவிற்கு ஒன்று. கைப்பிடி அசையுந்தோறும் கரித்தடத்தின்மேல் ஒரு தொடுமுனை நகர, மின்தடை 0 முதல் 100 கிலோ ஓம் வரை மாறும். அத்தடையின் வழியே ஒரு மின்தேக்கி நிரம்பும் நேரத்தை அளந்தே கணினி கைப்பிடியின் நிலையை அறியும். தடம் தேய்ந்தாலோ, தூசு படிந்தாலோ, சுருள்வில் தளர்ந்தாலோ நடு நடுவாக இராது.

இதற்கு மூன்று வழிகள் உள. சாய்ந்த நிலையையே நடுவெனக் கொள்ளுமாறு கணினிக்குச் சொல்லுதல் ஒன்று. தூசு உள்ளிருக்கையில் இன்றைய நடு நாளை மாறிவிடும். நடுவைச் சுற்றிய சிற்றசைவுகளைக் கணினி பொருட்படுத்தாதவாறு செய்தல் மற்றொன்று. சாய்வு மறையும், கையின் நுண்ணிய அசைவும் உடன் மறையும். மூன்றாவது, இணைப்பைக் கழற்றிக் கருவியைத் திறந்து, மின்தொடர்புகளைத் துப்புரவாக்கும் திரவத்தைத் தெளித்து, கைப்பிடியைப் பலமுறை முழுதும் அசைத்து, உலரவிடுதல். அதன் பின்னரே சிறு சக்கரத்தைத் திருகி நடுவிற்குக் கொணர்ந்து, இறுதியில் கணினிக்கு அளவு சொல்லவேண்டும்.

நாம் மூன்றாவது வழியை மேற்கொண்டோம். கையை எடுத்ததும் விமானம் நேரே பறந்தது. சிறுவர் கையில் கொடுத்தோம். அது வலப்புறம் சாய்ந்தது! கருவியை விட்டு நீங்கிய குறை கையில் தங்கியிருந்தது. அது நீங்கச் சில நாட்கள் ஆயின.

பிறர் குறையைப் பொறுத்தல் பெருமையே. ஆயினும், களையக்கூடிய குறையைக் களையாது அதற்கு ஈடுகொடுத்தே வாழ்வதையும் நாம் பொறுமை என்கிறோம். இல்லத்தில் ஒருவர் சினத்திற்கு அஞ்சி ஏனையோர் உண்மையை மறைத்துப் பழகுகின்றனர். சினந்தவர் ஒருநாள் திருந்திவிடுவார். மறைக்கும் பழக்கமோ ஏனையோரிடம் எஞ்சிவிடும். ஆதலின் குறையைக் காலத்தே களைவோம். களைந்தபின் நம் கையையும் ஒருமுறை நோக்குவோம்.