வரைபடம் யாருடையது?

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் எழுப்பியவை அவை. 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி அவற்றுள் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் உரியன. தாங்கிகள் யாருக்கு என்று நாம் ஓயாது வாதிட்டோம். ஆனால் அவற்றைப் புதுப்பிக்க வரையப்படும் வரைபடங்கள் யாருக்கு என்று கேட்டோமா?

அன்றைய படவரைஞர் துணியில் மையால் வரைந்தார். கலையறிந்த எவரும் அதை விளக்கொளியில் விரித்துப் படிக்கலாம். எவர் அனுமதியும் வேண்டியதில்லை. இன்றைய வரைபடம் கணினிக்குள் இருக்கிறது. 1982இல் வெளிவந்த ஓட்டோகாட் மென்பொருளை முன்பு ஒருமுறை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். 2016 முதல் புதிதாக வருவோருக்கு வாடகை மட்டுமே உண்டு. வாடகை நின்றால் கருவி பூட்டப்படும். 2022இல் டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியபோது, டொலரில் கணக்கிடப்படும் வாடகை எத்தகைய பாரமாயிற்று என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்நிலையில் பலர் திருட்டுப் பிரதியை நாடுகின்றனர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது குற்றம். மீனவக் குடும்பத்து மாணவன் ஒருவன் அதைப் பயன்படுத்தினால், அவனைக் கள்வன் என்று பழிக்க நம் மனம் ஒப்பவில்லை. எனினும் அதை விடுதலை என்று போற்றவும் நாம் தயாரில்லை. ஒரே கருவியில் கை பழகியவன் நாளை வேலைக்குச் செல்லும் இடத்தில் அதே கருவியைத்தான் கேட்பான். இன்று அவன் கொடாத வாடகையை நாளை அவனுடைய நிறுவனம் கொடுக்கும். ஆகவே திருட்டுப் பிரதி முதலாளியின் கோட்டையை இடிப்பதில்லை. அதற்குக் காவலாளிகளைத் தயார்செய்கிறது. பழி மாணவனுக்கன்று, ஒரு கம்பனியின் பொருளையே பாடத்திட்டமாக்கிவிட்டு வழிகாட்டாது நிற்கும் கல்விக்கே உரியது.

அப்படியானால் இலவசமானதே நல்லதா? அவசரப்படலாகாது. 2002இல் தொடங்கிய திறந்த மென்பொருளான ஃபிரீகாட் 2024 நவம்பரில்தான் தன் முதலாம் முழுப் பதிப்பை எட்டியது. பெருங்குழாய் அமைப்புகளிலும் துறைமுகக் கட்டுமானத்திலும் விலையுள்ள கருவிகள் இன்னும் பல வசதிகளைத் தருகின்றன. வரைபடத்தில் ஒப்பமிடும் பொறியியலாளர் தாங்கியருகே வேலைசெய்யும் தொழிலாளியின் உயிருக்கும் பொறுப்பேற்கிறார். நம் கொள்கைக்காக அவன் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

எனவே நாம் கோருவது இதுதான்: கருவியை வாடகைக்கு எடுக்கலாம், வரைபடத்தை அடகு வைக்கலாகாது. பொதுப்பணத்தில் வரையப்படும் ஒவ்வொரு வரைபடமும் ஐ.எஸ்.ஓ. 10303, ஐ.எஸ்.ஓ. 16739 போன்ற, எவரும் படிக்கக்கூடிய சர்வதேச நியம வடிவங்களிலும் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வாசகம் போதும். கல்லூரிகள் முதலில் வடிவியலையும் வரைதலின் இலக்கணத்தையும் திறந்த கருவியில் கற்பிக்கட்டும். அவற்றை அறிந்த மாணவன் எந்தக் கருவியையும் பின்னர் கற்றுக்கொள்வான்.

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அத்தாக்குதலையும் கடந்து தாங்கிகள் நிற்கின்றன. இன்னும் ஐம்பது ஆண்டுகளின் பின் அவற்றைப் பழுதுபார்க்க வரும் இளைஞன், நாம் வரைந்ததைத் திறக்க எவரிடமும் கையேந்தி நிற்கலாகாது. கருவியைத் தெரிவுசெய்யும்போது நாம் உண்மையில் தெரிவுசெய்வது அவனுடைய சுதந்திரத்தையே.