உடைத்து அறிதல்

ஒரு பொருளை அறியவேண்டுமாயின் அதனை உடைத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் விஞ்ஞானத்தில் ஆழ வேரூன்றியது. ஆனால், உடைந்ததில் நாம் காண்பது அப்பொருளில் முன்பே இருந்ததா, அன்றி நம் அடியாற் பிறந்ததா? இவ்வினாவைத் தட்டிக்கழித்துவிட்டு அறிவைப் பற்றிப் பேசுவதற்கில்லை.

ஜேர்மனியின் டாம்ஸ்டாட் நகரிலே 1969 இல் நிறுவப்பட்ட கன அயன் ஆய்வுகூடத்தில், பொன்னின் அணுக்கருக்களைப் பெருவேகத்தில் ஏவி வேறு கருக்களோடு மோதவிட்டனர். பொன்னின் கருவில் 79 புரோத்தன்களும் 118 நியூத்திரன்களும் உள. மோதல் இலேசாயின், சில துகள்கள் ஆவிபோற் பிரிய, கரு பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. சற்றுக் கடுமையாயின் நடுத்தர அளவான பல துண்டுகளாகச் சிதறுகிறது. மேலும் கடுமையாயின்? அத்துண்டுகள் பெருகும் என்றே நாம் எதிர்பார்ப்போம். அவை குறைந்துவிடுகின்றன; எஞ்சுவன தனித் துகள்களும் ஈலியம் போன்ற மிகச் சிறிய கருக்களுமே.

1995 இல் அங்கிருந்து வெளிவந்த அளவீடு இன்னும் வியப்பானது. கருவினுட் புகும் சக்தி பெருகப் பெருக வெப்பநிலையும் ஏறிற்று. 5,000 கோடி பாகைக்குச் சற்று மேலே ஏறாது நின்றது. பின்னர் மீண்டும் ஏறிற்று. அடுப்பிற் கொதிக்கும் நீரும் இவ்வாறே, ஆவியாகி முடியுமட்டும் நூறு பாகையைத் தாண்டுவதில்லை. அளவு மாற்றம் குண மாற்றமாகும் என்பதற்கு நீரையே காட்டிச் சலித்த நம் தோழர்களுக்கு இது புதிய உதாரணம். (இருநூறு துகள்கூட இல்லாத கூட்டத்துக்கு 'வெப்பநிலை' என்ற சொல் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று அறிஞர் வாதிட்டனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.)

ஆகவே, பொன்னின் கருவினுள்ளே காபன் கருவும் ஒட்சிசன் கருவும் முன்கூட்டியே அடுக்கிவைக்கப்பட்டிருக்கவில்லை. எத்துண்டு தோன்றும் என்பதில் அடியின் வன்மைக்கும் பங்குண்டு. பட்டினி போட்டு வேலைநிறுத்தத்தைச் சிதறடித்துவிட்டு, தொழிலாளரிடம் இயல்பாகவே ஒற்றுமையில்லை என்று 'கண்டுபிடிக்கும்' முதலாளி தன் அடியைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. கருவையும் மனிதனையும் ஒப்பிடுவது பிழைக்கு வழிகோலும் என்பதை நாம் அறிவோம். மனிதன் தான் உடைக்கப்படுவதை உணர்கிறான், எதிர்க்கிறான். ஆயினும் விடுபட்ட கணக்கு இரண்டிடத்தும் ஒன்றுதான்.

அதே ஆய்வுகூடத்தில் 1997 முதல் 2008 வரை ஏறத்தாழ 440 புற்றுநோயாளர் காபன் கருக்களாற் சிகிச்சை பெற்றனர். காபன் கரு தன் பாதையின் முடிவிலேதான், கட்டியினுள்ளே, சக்தியை மிகுதியாகக் கொட்டுகிறது. வழியிலோ சில கருக்கள் உடலின் அணுக்களோடு மோதி உடைகின்றன. இலகுவான துண்டுகள் கட்டியையுந் தாண்டி நலமான இழையத்துள் ஓடுகின்றன. அத்தீங்கை முன்னரே கணக்கிடாமற் சிகிச்சை தொடங்குவதில்லை. இன்னொரு துண்டாகிய காபன் 11, பொசித்திரனை வெளிவிட்டு, கதிர் எங்கே சென்று நின்றது என்பதை வெளியிலுள்ள கருவிக்குக் காட்டிக்கொடுக்கிறது. இங்கே அடிப்பவர் தம் அடியின் துண்டுகளுக்குப் பொறுப்பேற்கின்றார்.

இத்தகைய சிகிச்சை நிலையங்களோ இன்றும் ஜப்பான், ஜேர்மனி, இத்தாலி, ஒஸ்திரியா, சீனா முதலிய மிகச் சில நாடுகளிலேயே உள.