முழங்கால் மடங்காத வயதிலே தொழுகை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பள்ளிவாசல்களில் இன்று சஃப்பின் ஓரங்களில் நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கக் காண்கிறோம். அவற்றைப் பற்றி இருவிதப் பேச்சு நம் காதில் விழுகிறது. “கடைத்தெருவுக்கு நடந்து போகத் தெரிகிறது, ஸுஜூதுக்கு மட்டும் கால் வலிக்கிறதோ?” என்று வாலிபர்கள் கேலி பேசுகிறார்கள். “நாலு பேர் முன்னே நாற்காலியில் உட்காரக் கூச்சமாயிருக்கிறது, வீட்டிலேயே தொழுதுகொள்கிறேன்” என்று பெரியவர்கள் ஜமாஅத்தையே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் சரியல்ல.

எல்லாம் வல்ல அல்லாஹ் மனிதனைப் பலவீனத்திலிருந்து படைத்து, பிறகு பலத்தைக் கொடுத்து, அதன்பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் ஆக்குவதாக ரூம் அத்தியாயத்தின் 54வது வசனத்தில் அறிவிக்கிறான். நீண்ட ஆயுள் கொடுக்கப்பட்டவனின் படைப்பு தலைகீழாகத் திருப்பப்படுவதை யாஸீன் 68வது வசனம் சொல்கிறது. தவழ்ந்தவன் நடந்தான், ஓடினான். ஓடியவன் நடக்கிறான், பிறகு சுவரைப் பிடிக்கிறான். பலத்தைக் கொடுத்தவனே அதைத் திரும்பப் பெறுகிறான் என்றால் இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வாயில்லா ஜீவன்களுக்கும் இதே விதிதான். நம் ஊர்ப் பெயரையே தாங்கிய ராஜபாளையம் நாயைப் பாருங்கள். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை அதற்கு அஞ்சல்தலையே வெளியிட்டது. (நாயின் சுத்தம், அசுத்தம் பற்றிய மஸ்அலா வேறு. வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் அனுமதித்திருக்கிறது. இங்கே நம் பேச்சு அதன் கால்களைப் பற்றியது.) அகன்ற நெஞ்சும் ஒடுங்கிய வயிறுமாய், வேட்டையில் துரத்திப் பிடிப்பதற்கென்றே அமைந்த உடம்பு. அதே நாய்க்கு எட்டு, ஒன்பது வயதாகட்டும். திண்ணையில் தாவி ஏறுமுன் நின்று யோசிக்கிறது. படுத்த இடத்திலிருந்து முன்னங்கால்களை ஊன்றி எழுந்துவிடுகிறது. பின்னங்கால்கள் தாமதமாகத்தான் வருகின்றன. சோம்பல் என்று அதைக் கல்லால் அடிப்பவன் அறிவில்லாதவன்.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு மலைக்காடு, சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988ல் சரணாலயமானது. 2021ல் புலிகள் காப்பகத்தோடு சேர்க்கப்பட்டது. அந்த அணில் பெரும்பாலும் தரையில் இறங்குவதில்லை. மரத்துக்கு மரம் தாவியே காலம் கழிக்கிறது. தாவ முடியாமற்போன கிழட்டு அணிலை நீங்கள் அங்கே காண்பது அரிது. கால் தளர்ந்த அன்றே அது கழுகுக்கோ வேறொன்றுக்கோ இரையாகிவிடும். அதே காட்டில் யானையின் நிலை வேறு. அதற்கு ஆயுளில் ஆறு தடவை கடைவாய்ப்பல் முளைக்கிறது. ஆறாவதும் தேய்ந்தபின் மென்புல்லைத் தேடித்தான் வாழவேண்டும். ஆனாலும் யானைக் கூட்டம், வயது முதிர்ந்த பெண் யானையின் பின்னே அதன் நடைக்கு ஏற்பத்தான் நடக்கிறது. முதுமை என்பது, பக்கத்தில் இருப்பவர் பொறுத்துக்கொள்ளும் இடத்தில் மட்டுமே வாழக்கூடிய பருவம் என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

இனி, “கடைத்தெருவுக்கு நடக்கிறாரே” என்ற கேள்விக்கு வருவோம். நம் தசைகளில் இருவகை நார்கள் உண்டு. ஒருவகை மெதுவாக வேலை செய்து நெடுநேரம் தாங்கும்; நடப்பதற்கு அதுவே உதவுகிறது. மற்றது சட்டென்று விசை கொடுக்கும்; தாவவும், தரையிலிருந்து எழவும் அது வேண்டும். வயது ஏற ஏற, விரைந்து இயங்கும் இந்த இரண்டாம் வகை நார்களே முதலில், அதிகமாகத் தேய்கின்றன. ஆகவேதான் ஒரு மைல் நடக்கும் பெரியவரால் இரண்டாவது ஸுஜூதிலிருந்து எழ முடிவதில்லை. போதாததற்குக் குனிந்து எழும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றுகிறது. சமநிலை காக்கும் உட்காதின் உறுப்பும் மங்குகிறது. அவர் நடிக்கவில்லை, சகோதரர்களே! வேட்டைநாய்க்குத் திண்ணை எட்டாமற்போன அதே காரணந்தான் இவருக்கும்.

இதை ஸஹாபாக்களின் வாழ்விலும் காண்கிறோம். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் தொழுகை இருப்பில் சம்மணமிட்டு அமர்ந்தார்கள். வாலிபரான அவர்களுடைய மகனாரும் அதைப் பார்த்து அப்படியே அமர்ந்தார். உடனே தந்தையார் தடுத்தார்கள். வலது பாதத்தை நட்டு இடது பாதத்தை மடக்குவதே ஸுன்னத் என்றார்கள். தாங்கள் மட்டும் ஏன் இப்படி என்று மகனார் கேட்டபோது, தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்று பதில் சொன்னார்கள். புகாரீ ஷரீபில் வரும் இந்தச் செய்தியில் இருவருக்குமே பாடம் இருக்கிறது. முடியாதவர் மறைக்காமல் சலுகையை எடுத்துக்கொண்டார். முடிந்தவரை அதன் பக்கம் வரவிடவில்லை.

நபி (ஸல்) அவர்களே முதுமை வந்தபின் இரவுத் தொழுகையில் அமர்ந்து ஓதி, முப்பது அல்லது நாற்பது வசனங்கள் மீதமிருக்கையில் எழுந்து நின்று ஓதி ருகூஉ செய்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழவும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் வழி காட்டப்பட்டது. இங்கே படிகள் இருப்பதைக் கவனிக்கவேண்டும். முதல் படியில் நிற்க முடிந்தவர் மூன்றாம் படிக்குத் தாவக்கூடாது.

நெற்றியைத் தரையில் வைக்க முடிந்தவர் நாற்காலியில் இருந்தபடி சைகையால் ஸுஜூது செய்தால் அவருடைய பர்ளு நிறைவேறாது. கல்யாணப் பந்தியில் பாயில் அமர்ந்து நெய்ச்சோற்றை முடித்து, எவர் கையையும் பிடிக்காமல் எழுந்து கை கழுவப் போகிறவர், தம் நாற்காலியைப் பற்றித் தாமே யோசித்துக்கொள்ளட்டும். நிற்க முடியும், ஸுஜூது மட்டும் முடியாது என்பவர் விஷயத்தில் ஷாஃபிஈ மத்ஹபில் நிற்பது கடமையாகவே இருக்கும். ஹனஃபி மத்ஹபில் அமர்ந்து சைகையால் தொழுவதே மேல். சைகையில் ருகூஉவை விட ஸுஜூதுக்கு அதிகம் குனியவேண்டும். தம் நிலையை ஆலிமிடம் சொல்லிக் கேட்டுக்கொள்வது நலம்.

அவசரப்பட்டு நாற்காலிக்குப் போவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. பயன்படுத்தாத தசை இன்னும் விரைவாகத் தேய்கிறது. 1990ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தொண்ணூறை ஒட்டிய வயதுடைய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேலே போயிற்று. தொண்ணூறிலேயே இப்படி என்றால், ஐம்பத்தைந்தில் முழங்கால் லேசாக வலித்ததும் ருகூஉ ஸுஜூதை மூட்டை கட்டி வைப்பது எந்த நியாயம்? மருத்துவர் தடுக்காதவரை, ஒரு கையைத் தரையில் ஊன்றியாவது எழுந்து பழகவேண்டும்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அத்தாவின் கால்கள் சும்மா தேயவில்லை. மில்லில் இராத்திரி ஷிப்டில் நின்ற கால்கள். சத்திரப்பட்டித் தறிகளில் ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்த கால்கள். மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் தலை நரைத்துப் பார்வையிழந்த தம் தந்தை அபூகுஹாஃபாவை அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே விட்டிருந்தால் தாமே அவரிடம் வந்திருப்போமே என்றார்கள் நபியவர்கள். மக்காவை வென்ற நாளில், படைத்தலைவராக நின்ற நிலையில் சொன்னது இது! வயிறு முதுகோடு ஒட்டிய ஒட்டகத்தைக் கண்டபோது, இந்தப் பேசாத பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வைப் பயந்துகொள்ளுமாறு எச்சரித்தவர்களும் அவர்களே. உழைத்து ஓய்ந்த மாட்டுக்கும், ஓட முடியாத காவல் நாய்க்கும் தண்ணீரும் தீனியும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள், பெற்றவரின் மெதுவான நடையைப் பார்த்து ‘ச்சீ’ என்று சலிக்கலாமா?

இமாம்களாகிய நாமும் கவனிக்கவேண்டும். இமாம் நீட்டி ஓதுவதால் ஸுபுஹு ஜமாஅத்துக்கு வருவதில்லை என்று ஒருவர் முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அன்றுபோல் என்றும் கோபித்ததில்லை என்று அறிவிப்பாளர் சொல்கிறார். பின்னால் பலவீனரும் முதியவரும் நிற்கிறார்களே என்பதே அந்தக் கோபத்தின் காரணம். பெரியவர் ஒருவர் ஸுஜூதிலிருந்து எழுந்து நிற்க ஐந்து விநாடி கூடுதலாகும். அதற்குள் பாத்திஹாவில் பாதியை ஓதிவிடவேண்டிய அவசரம் நமக்கு என்ன?

முத்தவல்லிமார்களும் ஜமாஅத்தாரும் இந்த ரமளானுக்குள் சில வேலைகளைச் செய்து முடிக்கலாம். ஹவுழின் ஓரத்தில் குந்தி உட்கார முடியாதவர்களுக்காக உயரமான கல் இருக்கையும் குழாயும் வைக்கலாம். வாசற்படியில் பிடித்து ஏற ஒரு இரும்புக் கம்பி வேண்டும். ஒளூ செய்யுமிடத்தில் பாசி படியாமல் தேய்த்துக் கழுவவேண்டும்; முதியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு பள்ளிக்கு வருவதே அரிதாகிவிடும். நாற்காலிகளை முன் சஃப்பின் இரு ஓரங்களிலும் போடுங்கள். காலங்காலமாக முதல் சஃப்பில் நின்றவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பவேண்டாம்.