நாள் கணக்கும் ஆள் கணக்கும்

ஜேம்ஸ் பிரெய்டுக்குக் கப்பல் பயணம் ஒத்துக்கொள்ளாது. ஸ்காட்லாந்தில் பிறந்து, இளவயதில் தச்சு வேலை பழகி, பிறகு கோல்ஃப் ஆட்டக்காரராகி, 1901-க்கும் 1910-க்கும் இடையில் ஐந்து முறை பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்றவர். திடல் வடிவமைப்பிலும் பெரிய கை. பிரிட்டனுக்குள் ரயிலேறிப் போய் நூற்றுக்கணக்கான திடல்களை அமைத்தும் திருத்தியும் கொடுத்தார். கடல் தாண்டச் சொன்னால் மட்டும் முடிந்தவரை மாட்டார். அப்படிப்பட்டவர் வரைந்த திடல் ஒன்று ஜொகூர் பாருவிலிருந்து அரைமணி நேரத் தொலைவில், சிங்கப்பூரின் புக்கித் தீமாவில் இருக்கிறது. (அரைமணி நேரம் என்பது பாலத்தில் நெரிசல் இல்லாத நாளில், அப்படி ஒரு நாள் இருந்தால்.) நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபடத்தை இங்கிருந்து அனுப்பினார்கள். அதன்மேல் குழிகளைக் குறித்து அவர் திருப்பி அனுப்பினார். திடல் உருவானது 1924-ல். அதே ஆண்டு ஜூன் மாதம் ஜொகூர் பாலமும் திறப்பு விழா கண்டது. பிரெய்ட் இரண்டையும் பார்த்ததில்லை.

என் தாத்தாவுக்கும் கடல் என்றால் பயம் என்று பாட்டி சொல்வார். ஆனால் மாட்டேன் என்று சொல்லும் வசதி அவருக்கு இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஜொகூர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி, கடைசியில் ஒரு கோல்ஃப் திடலில் புல் வெட்டப் போய்ச் சேர்ந்தார். எந்தத் திடல்? “தொரைமாரு பந்தடிக்கிற பாடாங்.” வீட்டில் மிஞ்சிய தகவல் அவ்வளவுதான்.

அந்தத் திடலைத் தேடத்தான் பழைய தாள்களுக்குள் நுழைந்தேன். தேடுவதற்கு இடங்கள் உண்டு. 1845-ல் தொடங்கிய ‘தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ நாளிதழின் பழைய பக்கங்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. ஜொகூர் பாருவில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. ஜொகூர் அரசு ஒரு காலத்தில் தன் காரியங்களை ஜாவி எழுத்தில், மலாய் மொழியில் நடத்தியதால், அந்த எழுத்து தெரியாதவனுக்கு அலமாரியில் பாதி மூடியே கிடக்கும். எனக்குத் தெரியாது.

பத்திரிகைகள் தாராளமாகப் பேசின. 1891-ல் சிங்கப்பூர் குதிரைப் பந்தய மைதானத்தில் நீதிபதி கோல்ட்னி முதலானோர் தொடங்கிய கிளப், 1893-ல் கோலாலம்பூர் பெட்டாலிங் குன்றில் தொடங்கிய சிலாங்கூர் கிளப், மாதாந்தரப் பதக்கம் வென்றவர், செயலாளர் அறிக்கை, புதிய புல்வெட்டும் இயந்திரம் என்று ஒன்றும் விடுபடவில்லை. 1900-களின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலச் சனிக்கிழமை யார் எத்தனை அடியில் பந்தைக் குழியில் போட்டார் என்பதுகூட இன்று என் கைப்பேசியில் கிடைக்கிறது. புல் வெட்டியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் “கூலிகள்” என்ற ஒரே சொல், பெரும்பாலும் செலவுக் கணக்கின் நடுவில்.

கோல்ஃப் திடல்களின் ஆதி வரலாற்றைத் தோண்டுகிறவர்கள் உலகத்தில் ஒரு தனி இனம். யார் எந்தக் குழியை வரைந்தார் என்பதற்காக வருடக்கணக்கில் சண்டை போடுவார்கள். அவர்கள் கிண்டியெடுத்த கதை ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அமெரிக்காவில் பிலடெல்பியா அருகே மெரியன் என்றொரு புகழ்பெற்ற திடல். அதை வடிவமைத்த ஹியூ வில்சன் 1910-ல் பிரிட்டனுக்குப் போய், பல மாதம் தங்கி, அங்குள்ள திடல்களைப் படித்து, திரும்பி வந்து வரைந்தார் என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வந்தார்கள். பிறகு யாரோ கப்பல் பயணிகள் பட்டியலைப் புரட்டினார்கள். வில்சன் போய் வந்தது 1912-ல். அதற்குள் மெரியனில் மண்வேலை முடிந்து, 1911-லேயே புல் விதைத்தாகிவிட்டது. 1912 செப்டம்பரில் திடல் திறந்துவிட்டது. அப்படியானால் அந்தத் திட்டத்தில் இன்னொரு திடல் வடிவமைப்பாளரான சார்ல்ஸ் பிளேர் மெக்டொனால்டின் பங்கு எவ்வளவு என்று புதிதாக ஒரு சண்டை தொடங்கியது. அது இன்னும் ஓயவில்லை.

எனக்கு அந்தச் சண்டையில் பக்கம் கிடையாது. நான் கவனித்தது பயணிகள் பட்டியலை. விழா மலர் எழுதுகிறவருக்குப் பொய் சொல்ல ஆசை வரும். பட்டியல் எழுதிய கப்பல் குமாஸ்தாவுக்கு வராது. அவருக்கு வேண்டியது தலைகளின் எண்ணிக்கையும் வந்திறங்கிய தேதியும்தான். வரலாறு எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் எழுதிய கணக்குத்தான், வரலாறு என்று எழுதியதைத் திருத்தியது.

அதன்பிறகு விளையாட்டுப் பக்கங்களை மூடிவிட்டுக் கணக்குப் பக்கம் போனேன். காடழிக்கச் சீனக் காண்ட்ராக்ட் ஆட்களும் ஜாவாக்காரர்களும், கான் (வடிகால்) வெட்டவும் சடக்கு (சாலை) போடவும் புல் பார்க்கவும் தமிழர்கள் என்பது அக்கால மலாயாவின் பொதுவான நடைமுறை. 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்று வந்தது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்த முதலாளிகள், அவர்கள் வேலை செய்த நாட்களைக் கூட்டி, அதற்கேற்ப நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் அடுத்த கப்பலில் ஆள் வரும். ஆகவே நாட்களை எண்ணினார்கள், கூட்டினார்கள், அறிக்கையில் அச்சிட்டார்கள். நாள் கணக்கு இருந்தது. ஆள் கணக்கு இல்லை.

ஆள் கணக்கு எழுதப்படாமல் இல்லை. விடியற்காலை பெரட்டுக் களத்தில் தோட்டத்துக் கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கோடு, அரைநாளுக்கு அரைக்கோடு. மாதம் முடிந்து சம்பளம் போட்டதும் அந்தப் புத்தகத்தின் ஆயுள் முடிந்தது. சில வருடம் அலுவலக மூலையில் கிடக்கும். பிறகு கரையானோ தீக்குச்சியோ.

இந்த இடத்தில் எனக்குத் தஞ்சாவூர் நினைவுக்கு வந்தது. 1010-ல் ராஜராஜன் எழுப்பி முடித்த பெரிய கோயிலின் கல்வெட்டில் தலைமைச் சிற்பியின் பெயர் இருக்கிறது: குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். பிரெய்டைப் போல அவரும் தச்சர். கோயில் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது உட்படக் கல்லில் இருக்கிறார்கள். நாவிதரும் இருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மன்னனுக்கு இருந்த நன்றியுணர்வு வெள்ளைக்காரனுக்கு இல்லையே என்று மேடையில் பேசினால் கை தட்டுவார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கல்வெட்டை மறுபடி படித்தால் அது நன்றிப் பட்டியல் இல்லை, நெல் கணக்கு என்று தெரியும். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர் இறந்தால் நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற வேண்டும். கணக்கு என்றைக்கும் முடியாது. எனவே பெயரைக் கல்லில் வெட்டினார்கள். அந்த விமானத்துக்குக் கல் இழுத்தவர்களுக்கு அன்றாடம் படியளந்து அன்றே தீர்த்திருப்பார்கள் போலும். அவர்கள் பெயர் தஞ்சாவூரிலும் இல்லை.

ஒரு மனிதனோடு கணக்கு மிச்சம் இருக்கும் வரைதான் தாள் அவன் பெயரை வைத்துக்கொள்கிறது. கொடுக்க வேண்டிய கணக்காக இருக்கலாம், வாங்க வேண்டியதாகவும் இருக்கலாம்.

வாங்க வேண்டிய கணக்குக்கு ஃபிஜியைச் சொல்லலாம். 1879-லிருந்து 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அங்கே கரும்பு வெட்டப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்றச் சீட்டு: பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. ஓடிப்போனால் பிடித்து வர வேண்டுமே. அந்தச் சீட்டுகள் இன்றும் ஃபிஜி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கொள்ளுப் பேரன்கள் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மூதாதையரின் ஊரைத் தேடி வருகிறார்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிந்தது. அதன்பிறகு கங்காணி கூட்டி வந்தவர், சட்டத்தின் கண்ணில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய சுதந்திர மனிதர். சுதந்திர மனிதரின் தழும்பை யார் குறித்து வைப்பார்கள்? கட்டிப்போடப்பட்டவனின் பெயரைக் காகிதம் காப்பாற்றியது, அவிழ்த்து விடப்பட்டவனின் பெயரைக் காற்றில் விட்டது. இதைக் கண்டுகொண்ட அன்று எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

தாய்லாந்தின் காஞ்சனபுரியிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதையில் மாண்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் பெயரோடு நினைவுகூரப்படுகிறார்கள். அவர்களுக்குப் படைப்பிரிவும் எண்ணும் சம்பளப் புத்தகமும் இருந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துப் போகப்பட்டு அதே பாதையில் செத்த தமிழர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

திடலுக்கு வருவோம். வடிவமைப்பு என்பது பாதி தாளில் நடக்கும், மீதி மழைக்குப் பிறகு நடக்கும். ஸ்காட்லாந்தின் பழைய திடல்கள் கடலோர மணலில் காற்றும் ஆடும் சேர்ந்து செய்தவை. தண்ணீர் தானே வடிந்துவிடும். இங்கே களிமண், பேய் மழை. வடகிழக்குப் பருவக்காற்றில் எந்தப் பள்ளத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்று பிரெய்டின் வரைபடம் சொல்லாது. அதை மண்வெட்டியோடு நின்றவர்தான் சொல்ல வேண்டும். கான் எங்கே போகிறதோ அதை ஒட்டித்தான் பந்தின் பாதை.

இன்னொன்றும் உண்டு. குழியைச் சுற்றி நெருக்க வெட்டிய புல் மெத்தையைக் ‘கிரீன்’ என்பார்கள். மலாயாவில் அதற்குச் சிராங்கூன் புல் போடுவது வழக்கம். இயந்திரம் தள்ளுகிறவர் ஓரத்தில் திரும்பும்போது ஒரு அங்குலம் உள்வாங்குவார். மறுநாளும் அப்படியே. இருபது முப்பது வருடத்தில் கிரீன் சுருங்கி, மூலைகள் மழுங்கி, வட்டமாகிவிடும். உலகத்தில் எத்தனையோ திடல்களில் இது நடக்கிறது. பழைய திடல்களை மீட்டெடுக்க வருகிறவர்கள் விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்களை வைத்து, மண்ணைக் குத்திப் பார்த்து, மூல ஓரத்தைக் கண்டுபிடித்து, அந்த அங்குலங்களைத் திரும்ப விரிக்கிறார்கள். அவர்கள் கணக்கில் அது பிழைதிருத்தம். செய்ய வேண்டிய வேலைதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மழுங்கிய மூலையில்தான் என் தாத்தாவின் கையெழுத்து இருந்தது.

போன வருடம் கோத்தா திங்கி மாவட்டத்தில் உள்ள தேசாருவுக்குப் போனேன். அங்கே எல்ஸ் கிளப்பின் இரண்டு திடல்களில் ஒன்றை ஆட்டக்காரர் எர்னி எல்ஸோடு சேர்ந்து வடிவமைத்தவர் விஜய் சிங். ஃபிஜியின் லௌதோக்காவில் 1963-ல் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். பெயர் பெறுவதற்கு முன் சபாவிலும் சரவாக்கிலும் பயிற்சியாளராகக் காலம் தள்ளியவர். 2000-ல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார், 2004-ல் உலகின் முதல் நிலை ஆட்டக்காரரானார். கரும்பு வெட்டப் போன சமூகத்தில் பிறந்தவர் ஜொகூர் மண்ணில் வடிவமைப்பாளர். நெஞ்சு நிமிரத்தான் செய்தது. அங்கே வெயிலில் புல் வெட்டிக்கொண்டிருந்த இளைஞர் வங்காளதேசத்துக்காரர். பெயர் கேட்டேன், சொன்னார். பெர்மிட் இருக்கிறதா என்று சோதிக்க வந்தவன் என்று நினைத்திருப்பார். சொல்லும்போது குரல் தணிந்தது.

தாத்தாவின் பெயரைக் கடைசியில் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலேயே கண்டுபிடித்தேன். இரண்டு தாள்கள். ஒன்று கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலத்தில், 1948-க்குப் பிறகு எல்லாருக்கும் கொடுத்த அடையாள அட்டை. அரசாங்கம் சந்தேகப்பட்டதால் எழுதிய பெயர் அது. மற்றது ஊழியர் சேமநிதிக் கடிதம். 1951-ல் அந்தச் சட்டம் வந்த பிறகுதான் சம்பள நாள் தாண்டியும் முடியாத ஒரு கணக்கு, அவருக்குச் சேர வேண்டிய கணக்கு, அவர் பெயரில் தொடங்கியது. நூறு கலம் நெல் இல்லை, சில வெள்ளிதான். கடிதத்தில் தாத்தாவுக்கு ஓர் எண், முதலாளிக்கு ஓர் எண். திடலின் பெயர் அதிலும் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தகரப் பெட்டி இருக்கும். செக்ரோல் துண்டு, சேமநிதிக் கடிதம், தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒரு படம் எடுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்தச் சடக்கு, எந்தத் திடல் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நான் கேட்டபோது பாட்டி வெகுநேரம் யோசித்தார். கிளப்பின் பெயர் வரவில்லை. அங்கே புல்லின் வாசனை தோட்டத்துப் புல்லைப் போல் இருக்காது என்று மட்டும் சொன்னார்.